ஸ்பானிஷில் ‘தெரியும்’ சொல்லும்போது வரும் கோளாறுகள்: ஸபேர், கொனொஸேர், ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள்

தமிழில் ஒரு ‘தெரியும்’ போதும். வழி தெரியும், நீச்சல் தெரியும், பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியும், அவர் நேற்று ஊருக்குப் போனதும் தெரியும். ஸ்பானிஷில் இந்த வேலையை ஸபேர், கொனொஸேர் என்ற இரண்டு வினைகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாடப்புத்தகங்கள் அந்தப் பங்கீட்டை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். நம்மவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அதற்கு அடுத்த படியில். ‘அதை’, ‘அவளை’, ‘என்னை’ என்ற வேலையைச் செய்யும் லொ, ல, மெ, தெ போன்ற குட்டிச் சொற்களை எங்கே போடுவது, எங்கே விடுவது, எப்போது வினையின் வாலில் ஒட்டுவது என்பதில்தான் சிக்கல்.

கோளாறு வெளியே எப்படிக் காட்டுகிறதோ அதை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதற்கு நேராகப் போகலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள், மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளைத்தவை.

எழுத்து பற்றி ஒரு வார்த்தை. அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றதைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஆட்பெயர், ஊர்ப்பெயருக்கு இது பொருந்தாது. ‘ப்ப’, ‘த்த’ என்று இரட்டித்திருந்தால் வல்லோசை. கொனொஸேர் என்பது லத்தீன் அமெரிக்க உச்சரிப்பு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த ‘ஸே’யை நாக்கைப் பல்லிடையில் வைத்துச் சொல்வார்கள்.

‘மெ ஸே’, ‘மெ ஸாபெ’ என்று வாய் தானாகப் போகிறது, கேட்பவர் விழிக்கிறார்

குற்றவாளி ‘எனக்கு’. தமிழில் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பவர் ‘கு’ உருபோடுதான் நிற்பார்: எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஸ்பானிஷில் அவர் எழுவாய். தனியாகக்கூட நிற்க வேண்டியதில்லை, வினையின் முடிவிலேயே ஒளிந்திருக்கிறார். ஸே என்றால் எனக்குத் தெரியும். ஸாபெஸ் உனக்கு, ஸாபெ அவருக்கு அல்லது உங்களுக்கு, ஸபேமொஸ் நமக்கு, ஸாபென் அவர்களுக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு ஸ்பானிஷ் ‘மெ கூஸ்த்த’ என்கிறது. அச்சு அசல் தமிழ் அமைப்பு. ஐரோப்பிய மாணவர்கள் பலர் திணறும் அந்த வினை நமக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். வந்த தைரியத்தில் ‘தெரியும்’ என்பதற்கும் அதே சட்டையை மாட்டிவிடுகிறோம். அங்கேதான் வம்பு.

மருந்து எளிது. ஸபேர் என்றால் ‘தெரியும்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள், ‘அறி’ என்று செய்யுங்கள். அறிவேன், அறிவாய், அறிவார். ‘எனக்கு அறிவேன்’ என்று எந்தத் தமிழனும் சொல்ல மாட்டான். அந்தக் கூச்சமே உங்களைக் காப்பாற்றும். கொனொஸேருக்கும் இதேதான்: கொனோஸ்கொ, கொனோஸெஸ், கொனோஸெ.

இதை அவசரமாகத் திருத்த வேண்டியதற்குக் காரணம், நீங்கள் தவறாகச் சொல்லும் இரண்டுமே ஸ்பானிஷில் வேறு பொருளோடு உயிரோடிருக்கின்றன. ஸபேர் என்ற வினைக்குச் சுவை என்ற பொருளும் உண்டு. ‘மெ ஸாபெ அ லிமோன்’ என்றால் எனக்கு எலுமிச்சைச் சுவையாக இருக்கிறது. ஸ்பெயினில் ‘மெ ஸாபெ மால்’ என்றால் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆக, தெரியும் என்று சொல்ல வந்து ‘மெ ஸாபெ’ என்று நிறுத்தினால், என்ன சுவை என்று எதிராளி காத்திருப்பார்.

‘மெ ஸே’ இன்னும் நுணுக்கமானது. அது தவறே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது: மனப்பாடமாக, தலைகீழாகத் தெரியும் என்னும்போது. ‘மெ ஸே ல தாப்ல தெல் ஸியேத்தெ’, ஏழாம் வாய்ப்பாடு எனக்கு அத்துப்படி. வாய்ப்பாட்டைச் சுட்டி ‘மெ ல ஸே’ என்றும் சொல்லலாம். தேர்வு நாளில் பாடம் ஏறவில்லை என்று புலம்பும் பிள்ளை ‘நோ மெ லொ ஸே’ என்பான். எல்லாத் தந்திரமும் தெரிந்த ஆளை ‘ஸெ லஸ் ஸாபெ தோதஸ்’ என்பார்கள். இங்கே வரும் மெ, ஸெ நம் ‘எனக்கு’ இல்லை. ‘எனக்குள் ஏற்றிவைத்திருக்கிறேன்’ என்ற அழுத்தம் அது. ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கொனோஸ்கொ ல கன்ஸியோன்’ என்றால் கேட்டிருக்கிறேன். ‘மெ ஸே ல கன்ஸியோன்’ என்றால் மைக்கைக் கொடுங்கள், பாடுகிறேன்.

ஆளைப் பற்றிக் கேட்டால் ‘லொ ஸே’ என்று பதில் வருகிறது

‘கொனோஸெஸ் அ பேத்ரோ?’
‘ஸீ, லொ ஸே.’

கேட்டவர் ஒரு நொடி தயங்குவார். பேத்ரோவைத் தெரியுமா என்று கேட்டதற்கு, ‘ஆமா, அந்த விஷயம் எனக்குத் தெரியும்’ என்று பதில் வந்திருக்கிறது. எந்த விஷயம்? ஸபேர் ஒருபோதும் ஆளைத் தொடாது. செய்தி, விடை, எண், முகவரி, ஒரு வேலையைச் செய்யும் விதம், இவைதான் அதன் எல்லை. ஆள், ஊர், கடை, புத்தகம் என்று பழக்கம், பரிச்சயம் சார்ந்த எல்லாம் கொனொஸேர். சரியான பதில் ‘ஸீ, லொ கொனோஸ்கொ’. பெண்ணானால் ‘ல கொனோஸ்கொ’.

கையோடு ஒரு சோதனை. தமிழில் ‘தெரியும்’ முன்னால் வருவது ‘ஐ’ உருபைக் கட்டாயம் கேட்கிறதா என்று பாருங்கள். ‘அந்தக் கடை தெரியும்’ சரி. ‘எலேனா தெரியும்’ என்றால் நெருடுகிறது, ‘எலேனாவைத் தெரியும்’ என்றுதான் வர வேண்டும். உயர்திணைக்கு ‘ஐ’ தப்ப முடியாது. ஸ்பானிஷ் அதே இடத்தில் ‘அ’ என்ற சொல்லை வைக்கிறது: ‘கொனோஸ்கொ அ எலேனா’. கடைக்கு அது வேண்டாம். ‘யாரையும் தெரியாது’ என்பதில் ‘ஐ’ இருக்கிறது இல்லையா, ஸ்பானிஷிலும் ‘நோ கொனோஸ்கொ அ நாதியெ’. வேறு மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் மறந்து தொலைக்கும் இந்த ‘அ’, நமக்கு இலக்கண வகுப்பில் இரண்டாம் வேற்றுமை படித்த நாளிலேயே பாதி வந்துவிட்டது.

நீண்ட நாளாகத் தகவல் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்ல மட்டும் ஸபேர் வரும், அதுவும் ‘தெ’ என்ற இடைச்சொல்லோடு (இது ‘உன்னை’ என்னும் குட்டிச் சொல் தெ அல்ல, ‘பற்றி’ என்னும் வேறு தெ): ‘நோ ஸே நாத தெ ஏல்’, அவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

பதில் மொட்டையாக இருக்கிறது. அல்லது லொ தேவையில்லாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது

தமிழில் ‘தெரியுமா?’ என்றால் ‘தெரியும்’. ‘அதை’ என்று யாரும் சேர்ப்பதில்லை. ஸ்பானிஷில் ‘தெரியாது’ என்பதற்கு ‘நோ ஸே’ போதும், பேச்சில் அதுதான் அதிகம் கேட்கும். ‘நோ லொ ஸே’ கொஞ்சம் அழுத்தம் கூடியது. ஆனால் ‘தெரியும்’ என்று உடன்படும்போது வெறும் ‘ஸீ, ஸே’ என்றால் காது ஏற்காது. ‘ஸீ, லொ ஸே’ என்க. பொறுமை இழந்து ‘அதான் தெரியுமே’ என்பதற்கு ‘யா லொ ஸே’.

இந்த லொ எதைக் குறிக்கிறது என்பதில்தான் அடுத்த சறுக்கல். கேள்வி ஒரு முழு வாக்கியத்தைப் பற்றியதாக இருந்தால் (அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியுமா) பதிலில் எப்போதும் லொ. ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றியதாக இருந்தால் அந்தப் பெயரின் பால்தான் முடிவு செய்யும். முகவரி ஸ்பானிஷில் பெண்பால். ‘ஸாபெஸ் ல திரெக்ஸியோன்?’ என்றால் ‘ஸீ, ல ஸே’. நம்முடைய ‘அதை’ எல்லா அஃறிணைக்கும் ஒன்றேயாதலால் லொ ஒன்றையே எங்கும் போட்டுவிடுவோம்.

எதிர்ப்பக்கத்து நோயும் உண்டு. பின்னால் வாக்கியமே வரப்போகிறதென்றால் முன்னால் லொ வேண்டாம். ‘அவர் வருவார் என்று தெரியும்’ என்பது ‘ஸே கெ…’ என்றே தொடங்கும். ‘யா லொ ஸே கெ…’ என்று பேச்சில் கேட்கலாம்தான், எழுத்தில் பழக வேண்டாம். ‘எனக்குத் தெரிந்தவரை’ என்ற ‘கெ யோ ஸேப்ப’, ‘எனக்கென்ன தெரியும்’ என்ற ‘கே ஸே யோ’, இவற்றிலும் லொ கிடையாது. நீச்சல் தெரியுமா என்பது ‘ஸாபெஸ் நதார்?’, நடுவில் ‘எப்படி’ என்ற சொல்லும் வேண்டாம். பதிலுக்கு ‘ஸீ’ போதும்.

பொருளை முன்னால் தூக்கி வைத்ததும் வாக்கியம் நொண்டுகிறது

‘எலேனாவை எனக்குத் தெரியும்’ என்ற தமிழ் வரிசையில் நினைத்து ‘அ எலேனா கொனோஸ்கொ’ என்றால் ஏதோ விட்டுப்போனது போல இருக்கும். முன்னால் வந்த பெயரைக் குட்டிச் சொல் ஒன்று திரும்பவும் பிடித்துக்கொள்ள வேண்டும்: ‘அ எலேனா ல கொனோஸ்கொ’. ‘அது எனக்குத் தெரியும்’ என்பது ‘ஏஸொ லொ ஸே’. பெயர் பின்னால் இயல்பான இடத்தில் நின்றால் இந்த இரட்டிப்பு தேவையில்லை. அர்ஜென்டினாவில் அங்கேயும் போட்டு ‘லொ கொனோஸ்கொ அ பேத்ரோ’ என்பார்கள். அவர்கள் வழக்கு அது, காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம்.

எங்கே ஒட்டுவது, எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை

‘கொனோஸ்கொலொ’ என்று யாராவது எழுதினால் பழைய ஏட்டை நகலெடுத்தது போல இருக்கும். இன்றைய ஸ்பானிஷில் காலமும் ஆளும் (நான், நீ, அவர்) காட்டும் வினைக்கு முன்னால்தான் குட்டிச் சொல், அதுவும் இடைவெளி விட்டு. பின்னால் ஒட்டுவது மூன்று வடிவங்களில் மட்டும்: அகராதியில் இருக்கும் மூல வடிவம், ‘யேந்தொ’ என்று முடியும் எச்ச வடிவம், செய் என்னும் ஏவல்.

மூல வடிவத்தில் தொடங்குவோம், அன்றாடம் அதிகம் வருவது அதுதான். ‘ஸின் ஸபேர்லொ’, தெரியாமலேயே. ‘அல் ஸபேர்லொ’, தெரிந்ததும். ‘ஸின் கொனொஸேர்ல’, அவளைத் தெரியாமலேயே. இடைச்சொல்லுக்குப் பின்னால் மூல வடிவம் வந்தால் ஒட்டுவது ஒன்றே வழி. இந்த மூன்றையும் அப்படியே விழுங்கிவிடுங்கள், விதியை நினைக்க வேண்டியிருக்காது. கூடவே இன்னொன்று: ‘தெ அபேர்லொ ஸபீதொ’, தெரிந்திருந்தால். பிறகு ‘வந்திருக்கவே மாட்டேன்’ என்றோ ‘வாங்கியிருக்கவே மாட்டேன்’ என்றோ முடித்துக்கொள்ளலாம். அங்கே லொ ஒட்டியிருப்பது துணைவினையில். ஸபீதொ என்ற வடிவத்தின் வாலில் எதுவும் ஒட்டாது, ‘ஸபீதொலொ’ என்று ஒன்று இல்லை.

இரண்டு வினைகள் சேர்ந்து வந்தால் இரண்டு இடம் திறந்திருக்கும்: கூட்டத்துக்கு முன்னால் அல்லது கடைசியில். ‘லொ கியேரொ ஸபேர்’ என்றாலும் ‘கியேரொ ஸபேர்லொ’ என்றாலும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே. நடுவில் செருகினால், ‘கியேரொ லொ ஸபேர்’ என்றால், தவறு. பேச்சில் முன்னால் வைப்பது சரளமாக இருக்கும், எழுத்தில் ஒட்டுவது கொஞ்சம் மிடுக்கு. ஒரு எச்சரிக்கை: உன்னோடு பழகிப் பார்க்க விரும்புகிறேன் என்று சொல்ல ‘தெ கியேரொ கொனொஸேர்’ என்று தொடங்கிவிட்டு, அடுத்த சொல் நினைவு வராமல் நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ‘தெ கியேரொ’ என்றால் உன்னை நேசிக்கிறேன். முதல் சந்திப்பில் ‘கியேரொ கொனொஸேர்த்தெ’ என்பதே பத்திரம்.

எச்ச வடிவத்தில் எனக்குப் பிடித்தது ‘கொனொஸியேந்தொலொ’. தனியாக, வாக்கியத்தின் தலையில் வரும். ‘அவனைப் பத்தித்தான் தெரியுமே, லேட்டாதான் வருவான்’ என்று நாம் இழுத்துச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இங்கே வேறு இடத்தில் வைக்க வழியில்லை. ‘அவளோடு இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்’ என்று துணைவினை சேர்ந்தால் பழையபடி இரண்டு வழி: ‘ல எஸ்த்தோய் கொனொஸியேந்தொ’, ‘எஸ்த்தோய் கொனொஸியேந்தொல’.

ஏவலில் ஒட்டுவது கட்டாயம். பழைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயில் வாசகமான ‘உன்னையே அறிவாய்’ ஸ்பானிஷில் ‘கொனோஸெத்தெ அ தீ மீஸ்மொ’. மரியாதையாக ‘அறிந்துகொள்ளுங்கள்’ என்றால் ‘ஸேப்பலொ’. ‘வேண்டாம்’ என்று மறுக்கும்போது குட்டிச் சொல் முன்னால் ஓடிவிடும். ஆனால் சண்டையில் ‘தெரிஞ்சுக்கோ!’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஏவல் வடிவத்தை யாரும் எடுப்பதில்லை. ஸ்பெயினில் ‘கெ லொ ஸேப்பஸ்!’ என்பார்கள். முன்னால் ‘கெ’ வந்துவிட்டதால் லொ ஒட்டாமல் நிற்கிறது.

எழுதும்போது மேற்கோடு எங்கே என்று தடுமாற்றம்

அழுத்தம் காட்ட உயிரெழுத்தின் மேல் இடும் அந்தக் கோட்டை அவர்கள் தீல்தெ என்பார்கள். விதி ஒன்றுதான்: எத்தனை குட்டிச் சொல் ஒட்டினாலும் அழுத்தம் நகராது. இங்கே நெடிலைப் பாருங்கள்: கொனோஸெ, கொனோஸெலொ. நெடில் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வால்தான் நீண்டிருக்கிறது. கடைசியிலிருந்து எண்ணி மூன்றாம் அசையிலோ அதற்கு முன்போ நெடில் விழுந்தால் அதன் மேல் தீல்தெ கட்டாயம். ‘ஸபேர்லொ’ இரண்டாம் அசை, கோடு இல்லை. ‘ஸபேர்ஸெலொ’ மூன்றாம் அசை, கோடு உண்டு. ‘கொனொஸியேந்தொ’வுக்கு இல்லை, ‘கொனொஸியேந்தொலொ’வுக்கு உண்டு.

அர்ஜென்டினாக்காரர் ‘கொனொஸே’ என்று கடைசியில் அழுத்தி ஏவுவார். அது தனியாக இருக்கும்போது கோடு இருக்கும், லொ ஒட்டி ‘கொனொஸேலொ’ ஆனதும் போய்விடும். மூலத்தில் இருந்த கோட்டை ஒட்டிய பிறகும் வைத்திருக்கும் பழைய வழக்கத்தை ஸ்பானிய மொழி அகாதெமி 1999 எழுத்துமுறை நூலில் கைவிட்டது. அதற்கு முந்தைய அச்சில் ஒட்டிய வடிவங்கள் சிலவற்றில் கோடு தென்பட்டால் காரணம் அதுதான்.

‘ஸே’ (அறிவேன்) கோட்டோடு, ‘ஸெ’ (தன்னை, அவருக்கு) கோடில்லாமல். ஃபோனில் அவசரத்தில் அடிக்கும்போது அதிகம் விடுபடுவது இந்த ஒன்று. ‘ஸே’ என்பதற்கு ‘இரு’ என்ற ஏவற்பொருளும் உண்டு, அதற்கும் கோடு.

ஸ்பெயினில் ‘லெ கொனோஸ்கொ’ என்கிறார்கள், நான் படித்தது தவறா?

தவறில்லை. ஸ்பெயினின் நடு, வட பகுதிகளில் ஆண் ஒருவரைக் குறிக்கும்போது லொ இருக்க வேண்டிய இடத்தில் லெ வரும். அகாதெமியும் ஒருமை ஆணுக்கு இதை ஏற்கிறது. பொருளுக்கு நீட்டாதீர்கள். நீங்கள் லொ என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எங்கும் பிசகாது.

இறந்தகாலத்தில் சொன்னால் கேட்பவர் ‘அப்புறம்?’ என்று காத்திருக்கிறார்

‘தெரியும்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒழுங்கான இறந்தகாலம் கிடையாது. ‘முன்னாடியே தெரியும்’ என்று நிகழ்காலம் போன்ற வடிவத்தையே பழசுக்கும் ஓட்டுகிறோம். ‘தெரிந்தது’ என்று சொன்னால் அது அந்தக் கணத்தில் தெரிய வந்ததைக் குறிக்கும். ஸ்பானிஷ் இந்த இரண்டையும் இரண்டு இறந்தகாலங்களில் போடுகிறது.

முன்பே தெரியும்: ‘யா லொ ஸபீய’. நேற்றுத்தான் தெரிந்தது: ‘லொ ஸூப்பெ அயேர்’. கொனொஸேரிலும் இதே பிளவு. ‘ல கொனொஸீ என் லிமா’ என்றால் அவள் லிமாவில் எனக்கு அறிமுகமானாள், கதை முடிந்தது. ‘ல கொனொஸீய’ என்றால் ஏற்கெனவே பழக்கம் இருந்தது. முதல் சந்திப்பைச் சொல்ல வந்தவர் ‘கொனொஸீய’ என்று இழுத்துவிட்டால், பழக்கம் இருந்தது சரி, பிறகு என்ன நடந்தது என்று எதிரே இருப்பவர் காத்திருப்பார். ‘அறிமுகம்’ என்று தமிழில் மாற்றிச் சொல்ல முடிகிறதா? அப்படியானால் ‘கொனொஸீ’.

‘எனக்குத் தெரியப்படுத்துங்கள்’ என்று எழுத முடியவில்லை

இங்கே கடைசியில் ‘எனக்கு’ நியாயமாகவே வருகிறது. ஆனால் அது ஸபேரோடு ஒட்டாது, ‘செய்’ என்ற வினையோடு ஒட்டும்: ‘ஆஸ்மெலொ ஸபேர்’, மரியாதைக்கு ‘ஆகமெலொ ஸபேர்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் எனக்கு-அதை தெரியச் செய். இரண்டு குட்டிச் சொல் வந்தால் ஆள் முன்னால், பொருள் பின்னால். இரண்டுக்கும் நடுவில் எதுவும் நுழையாது.

‘அவருக்கு அதை’ என்னும்போது ‘லெ லொ’ என்று வர வேண்டும் போலிருக்கும். அந்தச் சேர்க்கையை ஸ்பானிஷ் நாக்கு ஏற்பதில்லை, லெ ஸெ ஆகிவிடும்: ‘ஸெ லொ ஈஸெ ஸபேர்’, அவருக்கு அதைத் தெரியப்படுத்தினேன். யாருக்கு என்று குழப்பம் வந்தால் பின்னால் ‘அ ஏல்’ (அவருக்கு), ‘அ ஏய்ய’ (அவளுக்கு) என்று சேர்த்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் அலுவலகக் கடிதத்துக்கு. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ‘தெரிஞ்சா சொல்லு’ என்று அனுப்ப இவ்வளவு பாடு வேண்டாம். ‘அபீஸமெ’ என்று ஒரே சொல், வாலில் மெ, இ மேல் ஒரு தீல்தெ.